ஸ்பிங்க்ஸின் விடுகதை: மூளையை அலசிய டாக்டர் தூடிகும்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பார், கட் அடித்த வகுப்பு, டூர் போன பஸ் இதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் செட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் படித்தது கெமிஸ்ட்ரி, பிழைப்பதும் அதை வைத்துத்தான். எனவே எங்கள் பாடத்திலிருந்து ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். பயோகெமிஸ்ட்ரி பாடப்புத்தகத்தில் இவருடைய பெயர் ஒரே ஒரு வரியில் வரும். அந்த ஒரு வரியையும் நாம் தேர்வுக்கு முந்தைய இரவில் தாண்டிப் போயிருப்போம்.

பெயர் யோஹான் லுட்விக் வில்ஹெல்ம் தூடிகும். தமிழ்க் காதுக்கு அது துடிக்கும் என்றுதான் விழும். சிரிக்க வேண்டாம், ஆளும் அப்படித்தான், கடைசிவரை துடித்துக்கொண்டே இருந்தவர்.

1829 ஆகஸ்ட் 27-ல் ஜெர்மனியில் ஹெஸ்ஸே பகுதியைச் சேர்ந்த பூடிங்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா கெயோர்க் தூடிகும் இறையியல் படித்தவர், பள்ளித் தலைமையாசிரியர், பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தவர். இந்தத் தகவலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. பையன் 1847-ல் கீஸன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தான். அந்தக் காலத்தில் கீஸன் என்றால் லீபிக். ரசாயனத்தை டெஸ்ட் ட்யூபும் அடுப்புமாக மாணவர்களுக்குச் செய்தே சொல்லிக்கொடுத்த மகான். இன்று நாம் பிராக்டிகல் வகுப்பு, ரெகார்டு நோட்டு என்று அழுகிறோமே, அந்தப் பழக்கத்தை உலகத்துக்குப் பரப்பியதில் பெரும் பங்கு அவருடையதுதான். லீபிக்கிடம் கற்றுக்கொண்ட டாக்டருக்கு ஒரு குணம் வந்துவிட்டது. நோயாளியைப் பார்த்தால் மற்றவர்களுக்கு நாடியும் நாக்கும் தெரியும், இவருக்கு உள்ளே இருக்கும் ரசாயனம் தெரியும்.

1850-ல் டென்மார்க்குக்கு எதிரான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் போரில் தன்னார்வ மருத்துவராகப் போனார். 1851-ல் டாக்டர் பட்டம். சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கவில்லை. 1848 புரட்சிக்குப் பின்பு அங்கே காற்று மாறிவிட்டது, சுதந்திரம் பேசிய இளைஞர்களுக்குக் கதவு திறக்கவில்லை. 1853-ல் மூட்டையைக் கட்டிக்கொண்டு லண்டனுக்குப் போனார், அங்கேயே கடைசிவரை இருந்துவிட்டார்.

லண்டனில் அவர் என்னதான் செய்யவில்லை! 1858-ல் சிறுநீரைப் பற்றி ஒரு தடித்த நூல். 1859-ல் பித்தப்பைக் கல்லை அறுவைச் சிகிச்சை செய்து எடுக்கலாம் என்று யோசனை சொன்னார். 1863-ல் பித்தக் கற்கள் பற்றித் தனிப் புத்தகம். ரத்தத்தின் சிவப்பை அமிலத்தில் போட்டுப் பிரித்து, அதிலிருந்து வந்த பொருள் ஒளியில் சிவப்பாக மினுங்குவதைப் பார்த்தார். முட்டை மஞ்சள் கருவிலும் செடிகொடிகளிலும் இருக்கும் மஞ்சள் நிறத்துக்கு லுட்டீன் என்று பெயர் வைத்தார். இன்று கண்ணுக்கு நல்லது என்று மாத்திரை டப்பாவில் அச்சடித்து விற்கிறார்களே, அதே பெயர்தான். இதற்கு நடுவில் காது மூக்கு வைத்தியம் செய்து குடும்பத்தை நடத்தினார். 1872-ல் ஆகஸ்ட் டுப்ரே என்ற ரசாயனருடன் சேர்ந்து ஒயினைப் பற்றி ஒரு பெரும் நூல், 1895-ல் சமையலைப் பற்றி இன்னொன்று. நம்மில் எத்தனை கெமிஸ்ட்ரிக்காரர்களுக்கு ஒழுங்காக ஒரு ரசம் வைக்கத் தெரியும் என்று கேட்டால் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஆனால் அவர் பெயர் நிற்பது மூளையால்.

1866-ல் லண்டனில் காலரா வந்தது. அரசாங்கத்தின் மருத்துவ அதிகாரியாக இருந்த ஜான் சைமன் தொலைநோக்குள்ள மனிதர். நோய் வந்தபிறகு ஓடுவது போதாது, நோயில் உடம்புக்குள் ரசாயனமாக என்ன நடக்கிறது என்று தெரியவேண்டும் என்று நினைத்தவர். தூடிகுமைக் கூப்பிட்டு அரசுப் பணத்தில் ஆராயச் சொன்னார். அப்போது அவர் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நோய் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். காலராவைப் பார்த்தார், டைபஸ் போன்ற கடும் காய்ச்சல்களைப் பார்த்தார். அந்தக் காய்ச்சல்களில் நோயாளி பிதற்றுகிறான், நினைவு தப்புகிறான். அப்படியென்றால் மூளையில் ஏதோ மாறியிருக்க வேண்டும். சரி, என்ன மாறியது? அதைச் சொல்ல, மாறாத மூளையில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரியவேண்டுமே. அது யாருக்கும் தெரியாது. எளிமையான இந்த ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு மனிதர் உள்ளே போனவர், முப்பது வருஷத்துக்கு வெளியே வரவில்லை.

வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். கசாப்புக்காரரிடமிருந்து மாட்டு மூளை வரும், பிரேதப் பரிசோதனை அறையிலிருந்து மனித மூளையும் வரும். மேல் தோலையும் ரத்தத்தையும் நீக்கி, நசுக்கிச் சல்லடையில் தேய்த்து, சூடான சாராயத்தில் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். ஆறினால் வெள்ளையாக ஒன்று படியும். அதை ஈதரில் கரைத்தால் ஒரு பாதி கரையும், ஒரு பாதி நிற்கும். கரைந்ததில் ஈய உப்பைப் போட்டால் ஒன்று, கேட்மியம் உப்பைப் போட்டால் வேறொன்று என்று தனித்தனியாகப் பிரியும். ஒவ்வொன்றையும் மறுபடி கரை, மறுபடி படியவை, எரித்துப் பார், எத்தனை பங்கு கார்பன், எத்தனை நைட்ரஜன், எத்தனை பாஸ்பரஸ் என்று கணக்குப் போடு. கொழுப்பு என்பது ரசாயனருக்குப் பிடிக்காத சரக்கு. உப்பும் சர்க்கரையும் அழகாகப் படிகமாகும். கொழுப்பு பிசுபிசு என்று ஒட்டும், ஒன்றோடொன்று கலந்து கொஞ்சும், சுத்தமாகிவிட்டது என்று நம்பவைத்து ஏமாற்றும். குரோமட்டோகிராஃபி கிடையாது. கையிலே இருந்தது தராசு, அடுப்பு, பொறுமை.

இந்தப் பொறுமையில் கிடைத்தது ஒரு பெரிய குடும்பம். பாஸ்பரஸ் உள்ள கொழுப்புகளுக்கு பாஸ்பாட்டைடுகள் என்று பெயர் வைத்தார். அவற்றில் ஒரு பாஸ்பரஸுக்கு எத்தனை நைட்ரஜன் என்று எண்ணி வகை பிரித்தார். ஒன்றுக்கு ஒன்று என்றால் லெசித்தின், கெஃபாலின் இனம். ஒன்றுக்கு இரண்டு என்றால் ஸ்பிங்கோமைலின். பாஸ்பரஸே இல்லாமல் நைட்ரஜனும் சர்க்கரையும் மட்டும் உள்ளவை செரிப்ரோசைடுகள். இந்தச் செரிப்ரோசைடுகளை அமிலத்தில் கொதிக்கவைத்து உடைத்தபோது மூன்று துண்டுகள் வந்தன. ஒன்று கொழுப்பு அமிலம். ஒன்று சர்க்கரை, அது பாலில் இருக்கும் காலக்டோஸ்தான் என்று பின்னால் தெரிந்தது. மூன்றாவது துண்டுதான் தலைவலி. பார்த்தால் கொழுப்பு, தொட்டால் காரம், அதுவரை யாரும் அறியாத ஜாதி. உடைத்தால் தெரியவில்லை, விட்டாலும் விடவில்லை.

அதற்கு அவர் வைத்த பெயர் ஸ்பிங்கோசின். கிரேக்கக் கதையில் வரும் ஸ்பிங்க்ஸ் என்ற பெண் முகமும் சிங்க உடலும் கொண்ட பூதத்தின் பெயர் அது. காலையில் நான்கு கால், மதியம் இரண்டு கால், மாலையில் மூன்று கால், யார் அது என்று வழிப்போக்கர்களைக் கேட்டு, விடை தெரியாதவர்களைத் தின்றுவிடுமாம். மனிதன் என்று விடை சொல்லி அதை வென்றவன் ஈடிபஸ். அந்த ஈடிபஸ் கதையை நாடகமாக்கியவர் சோஃபக்ளீஸ், அந்த நாடகத்தை ஜெர்மனாக்கியவர் நம்மாளின் அப்பா! சின்ன வயதில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கேட்ட கதை, நாற்பது வருஷம் கழித்து லண்டன் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவையின் மேல் லேபிளாக ஒட்டிக்கொண்டது என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் சேர்த்து 1884-ல் மூளையின் ரசாயன அமைப்பு பற்றிய நூலை லண்டனில் வெளியிட்டார். மனநோய்கள் பலவற்றில் மூளையின் ரசாயனம் கெட்டிருக்கும், சாராயம் ஒருவனைப் பித்தனாக்குவதுபோல உடம்பே சில விஷங்களை உண்டாக்கலாம், மூளை ரசாயனம் முழுதும் தெரிந்தால் வைத்தியமும் பிறக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அன்று அது கனவு.

நூலுக்குக் கிடைத்த வரவேற்பைக் கேளுங்கள். 1865-லேயே ஆஸ்கர் லீப்ரைஷ் என்ற ஜெர்மானியர் மூளையிலிருந்து புரோட்டகன் என்று ஒன்றைப் பிரித்திருந்தார். மூளையில் இருப்பது இந்த ஒரே ராட்சத மூலக்கூறுதான், மற்றதெல்லாம் இதன் உடைசல் என்பது கட்சி. கேட்கவே எவ்வளவு சௌகரியம்! பரீட்சைக்கு ஒரே விடை. தூடிகும் அது ஒரு பொருளே இல்லை, நான் பிரித்த பல பொருள்களின் கலவை என்றார். 1879-ல் மான்செஸ்டரில் ஆர்தர் கேம்ஜி என்ற உடலியல் பேராசிரியர் பிளாங்கன்ஹார்ன் என்பவருடன் சேர்ந்து புரோட்டகனை மறுபடி தயாரித்துக் காட்டி, அது தூய பொருள்தான் என்று அடித்துச் சொன்னார். ஜெர்மனியில் உடலியல் ரசாயனத்துக்கென்று பத்திரிகை நடத்திய பெரியவர் ஹோப்பே-ஸைலருக்கும் இவருக்கும் வேறு விஷயங்களில் ஏற்கெனவே உரசல். ஆக இரண்டு நாட்டிலும் பெரிய நாற்காலிகள் எல்லாம் எதிர்ப்பக்கம். இவர் ஆராய்ச்சியே நம்பத்தகாதது, அரசுப் பணம் வீண் என்கிற அளவுக்குப் பேச்சுப் போனது. ஆதரித்த சைமன் 1876-லேயே பதவியைவிட்டுப் போய்விட்டார். நல்ல மாணவர் பரம்பரை இல்லை, பல்கலைக்கழக நாற்காலி இல்லை. மிச்சமிருந்தது கென்சிங்டனில் சொந்த வீடும் அதோடு சேர்ந்த ஆய்வுக்கூடமும் மட்டும்.

நியாயமாகச் சொல்வதென்றால் தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. இவரும் சாது அல்ல. எதிராளியை எழுத்திலே போட்டுத் தாளிப்பார். ஒவ்வொரு படிவுக்கும் ஒரு புதுப் பெயர் வைத்துப் படிக்கிறவனைத் திணறடிப்பார். அவர் பெயர் வைத்தவற்றில் சில உண்மையில் கலவைகள். அவருடைய செல்லப்பிள்ளை கெஃபாலினே ஒரு கலவைதான் என்று 1942-ல் ஜோர்டி ஃபோல்ச் காட்டினார். புரோட்டகனைக் கலவை என்று உடைத்தவரின் சொந்தப் பொருளும் கலவை! ஆனால் வித்தியாசம் இருக்கிறது பாருங்கள். புரோட்டகன் கட்சி வழியை அடைத்தது. இவர் கட்சி வழியைத் திறந்து வைத்தது, இன்னும் பிரி, இன்னும் பிரி என்றது. பின்னால் வந்தவர்கள் அதே வழியில் நடந்துதான் இவரையே திருத்தினார்கள்.

1901-ல் நூலின் ஜெர்மன் பதிப்பு வந்தது. அதே வருஷம் செப்டம்பர் 7-ல் லண்டனில் காலமானார். வயது 72. அப்போதும் பாடப்புத்தகங்களில் புரோட்டகன் சுகமாக உட்கார்ந்திருந்தது. ஆறு வருஷம் கழித்து, 1907-ல், ஆட்டோ ரோஸன்ஹைமும் கிறிஸ்டின் டெப் என்ற பெண்மணியும் புரோட்டகன் என்று தனிப்பொருள் ஒன்று இல்லவே இல்லை என்று நிறுவினார்கள். வெவ்வேறு கரைப்பான்களில் போட்டால் அது வெவ்வேறு விகிதமாகப் பிரிந்துபோனது. அவ்வளவுதான், கதை முடிந்தது. கேட்க அவர்தான் இல்லை. 1958-ல் டேவிட் டிராப்கின் என்ற அமெரிக்க உயிர்வேதியியலார் அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்.

இனி அவர் இறந்தபிறகு அவருடைய குடுவைகளுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். தேர்வுக்குப் படிக்கும் தம்பிகள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

ரொம்ப காலம் வரை கொழுப்பு என்றால் செல்லுக்குக் காம்பவுண்டு சுவர், அவ்வளவே. உள்ளே வேலை செய்வது புரதம், கட்டளை போடுவது மரபணு, கொழுப்பு சும்மா செங்கல். இந்த எண்ணத்தில் முதல் விரிசல் 1953-ல் விழுந்தது. கனடாவின் மான்ட்ரியலில் மேபல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் தம்பதி புறாவின் கணையத் துண்டுகளில் அசிடைல்கோலினைப் போட்டார்கள். அது கணையத்தைச் சுரக்கத் தூண்டும் மருந்து. போட்டதும் கதிரியக்கப் பாஸ்பரஸ் சவ்வுக் கொழுப்புகளுக்குள் வேகவேகமாக ஏறியது. சுவருக்கு எதற்கு இந்த அவசரம்? பின்னால் தேடிப்போனபோது அந்தப் பரபரப்பில் முக்கியமானது இனாசிட்டால் என்ற சர்க்கரை போன்ற தலை உள்ள ஒரு பாஸ்பாட்டைடு என்று தெரிந்தது. அதே ஃபோல்ச் 1940-களில் மூளையின் கெஃபாலின் பகுதியிலிருந்து பிரித்தெடுத்த இனம்! நம் டாக்டரின் குடுவைக்குள் பெயரில்லாமல் ஒளிந்திருந்தது.

வேலை நடக்கும் விதம் இதுதான். செல்லின் வெளிப்பக்கம் ஒரு ஹார்மோன் வந்து தன் ஏற்பியில் உட்காருகிறது. அது உள்ளே போவதே இல்லை. வாசலில் மணி அடித்ததோடு சரி. மணி அடித்ததும் சவ்வின் உள்பக்கம் ஒரு என்சைம் விழித்து, அந்த இனாசிட்டால் கொழுப்பை இரண்டாகக் கத்தரிக்கிறது. தலைப்பாகம் ஐ.பி.3. அது தண்ணீரில் கரையும், ஆகையால் சவ்வைவிட்டுக் கிளம்பி உள்ளே ஓடும். வால்பாகம் டைஅசைல்கிளிசரால். அது எண்ணெய், சவ்வைவிட்டுப் போக முடியாது, அங்கேயே நிற்கும். ஓடிய தலை, செல்லின் உள்கிடங்கில் பூட்டி வைத்த கால்சியத்தைத் திறந்துவிடுகிறது என்று 1983-ல் பெரிட்ஜ் முதலானோர் காட்டினார்கள். சும்மா இருக்கும் செல்லில், வெளியே இருப்பதைவிட உள்ளே கால்சியம் சுமார் பத்தாயிரம் பங்கு குறைவு. அதனால் கிடங்கிலிருந்து கொஞ்சம் கசிந்தாலே செல் முழுக்க அமர்க்களம். நின்ற வால், புரோட்டீன் கைனேஸ் சி என்ற என்சைமைச் சவ்வுக்கு இழுத்து எழுப்புகிறது. இந்த என்சைமை 1977-ல் ஜப்பானின் கோபே நகரில் கண்டவர் நிஷிசுகா. ஒரே செங்கலை உடைத்து இரண்டு தந்தி!

அப்படியானால் ஸ்பிங்கோசின்? அதன் சரியான அமைப்பே 1947-ல்தான் ஹெர்பர்ட் கார்ட்டர் குழுவால் தெளிவானது. 18 கார்பன் நீளச் சங்கிலி, ஒரு அமீன், இரண்டு ஹைட்ராக்சில். 1960-களில் ராஸ்கோ பிரேடி, கோஷே நோயில் செரிப்ரோசைடை உடைக்கும் என்சைம் குறைவதால்தான் அது செல்களில் குப்பையாகச் சேர்கிறது என்று கண்டார். மூளைக் கொழுப்பின் ரசாயனம் தெரிந்தால் நோயின் காரணம் தெரியும் என்றாரே, அது அங்கே பலித்தது. ஆனாலும் ஸ்பிங்கோசின் செல்லில் என்ன செய்கிறது என்ற விடுகதை நின்றது.

1986-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூசுஃப் ஹன்னூனும் ராபர்ட் பெல்லும் ஒன்றைப் பார்த்தார்கள். நிஷிசுகாவின் கைனேஸ் சி-யை ஸ்பிங்கோசின் அடக்குகிறது. செங்கலுக்கு வாய் இருக்கிறது! அதன்பின் கதவுகள் படபடவென்று திறந்தன. ஸ்பிங்கோசினோடு ஒரு கொழுப்பு அமிலம் சேர்ந்தால் செராமைடு. ஸ்பிங்கோமைலினை உடைத்தாலும் செராமைடு வரும். அது பெருகினால் பல செல்கள் வளர்ச்சியை நிறுத்துகின்றன, 1993-ல் காட்டியபடி தற்கொலையே செய்துகொள்கின்றன. அதே ஸ்பிங்கோசினில் ஒரு பாஸ்பேட் ஒட்டினால் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட். அது பல செல்களுக்குப் பிழைத்திரு, பெருகு, நகர் என்கிற சேதி. ஒரு பாஸ்பேட் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு செல்லின் ஆயுசு தொங்குகிறது. இதை ஒரு தராசு மாதிரி வகுப்பில் சொல்வார்கள். உண்மை அவ்வளவு நேர்த்தி இல்லை. செல்லுக்குச் செல், இடத்துக்கு இடம் மாறும், செராமைடிலேயே வால் நீளத்தைப் பொறுத்துப் பல ரகம். படம் போடும்போது தராசு, லேபுக்குப் போனால் சந்தைக்கடை.

இந்த ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட்டுக்குச் செல்லின் வெளிப்பக்கம் ஏற்பி உண்டு என்று 1998-ல் தெரிந்தது. மொத்தம் ஐந்து வகை. ரத்தத்திலும் நிணநீரிலும் இந்தப் பொருள் அதிகம். திசுக்களுக்குள் ஒரு லையேஸ் என்சைம் அதை உடைத்துக்கொண்டே இருப்பதால் அங்கே குறைவு. நிணநீர்க் கணுக்களில் தங்கியிருக்கும் வெள்ளணுக்கள், குறைந்த இடத்திலிருந்து அதிகமுள்ள இடத்தை மோப்பம் பிடித்து வெளியே வருகின்றன. நம் ஹாஸ்டல் பையன்கள் மெஸ்ஸிலிருந்து வரும் வாசனையைப் பிடித்து அறையைவிட்டு வருவதைப்போல.

ஜப்பானில் ஃபுஜிதா குழு, பூச்சிகள்மேல் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்த மைரியோசின் என்ற பொருளைத் திருத்தி ஒரு மருந்து செய்தது. பெயர் ஃபிங்கோலிமாட். அமைப்பில் ஸ்பிங்கோசினின் சாயல். விழுங்கினால் உடம்பின் என்சைமே அதில் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. பிறகு அது வெள்ளணுவின் ஏற்பியில் உட்கார்ந்து அந்த ஏற்பியையே உள்ளே இழுத்துக்கொள்ளச் செய்கிறது. மோப்பம் போய்விட்ட வெள்ளணு கணுவிலேயே மாட்டிக்கொள்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் இந்த வெள்ளணுக்கள்தான் மூளைக்குள் புகுந்து நரம்பின் கொழுப்பு உறையைத் தாக்கும். ஸ்பிங்கோமைலினும் செரிப்ரோசைடும் நிறைந்த அதே உறை, தூடிகும் சாராயத்தில் கரைத்துக் கரைத்துப் பார்த்த அதே வெள்ளைச் சரக்கு. 2010-ல் அமெரிக்காவில் இந்த மருந்து அனுமதி பெற்றது. அந்த நோய்க்கு ஊசி இல்லாமல் வாயால் விழுங்கி நோயின் போக்கையே தடுக்க அங்கே அனுமதி பெற்ற முதல் மாத்திரை அதுதான். இதயத்திலும் இதே ஏற்பிகள் இருப்பதால், முதல் மாத்திரை கொடுத்தபின் ஆறு மணி நேரம் நோயாளியை உட்காரவைத்து நாடித்துடிப்பைக் கவனிக்கிறார்கள்.